நாயின் கண்ணில் மின்னும் ஒளி

இரவு நேரத்தில் நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்குப் பேருந்தில் முன் இருக்கையில் அமர்ந்து சென்றிருக்கிறீர்களா? சாலையோர நாய் தலையைத் திருப்பினால் அதன் கண்கள் இரண்டு பச்சை விளக்குகளைப் போல் மின்னும். அதற்குக் காரணம் விழித்திரைக்குப் பின்னால் உள்ள 'டபீட்டம்' என்னும் பளபளப்பான படலமாகும். துத்தநாகம் கலந்த நுண்ணிய தண்டுகள் அதில் அடுக்கடுக்காக உள்ளன. நீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் நிறம் தோன்றுவது போலவே, ஒளியின் குறுக்கீட்டு விளைவால் இங்கும் பச்சையும் மஞ்சளும் தோன்றுகின்றன. நமக்கு இப்படலம் இல்லை.

நாய் வளர்ப்போருக்கு இந்த மினுமினுப்பு பெரிதும் பயன்படும். ஏழெட்டு வயதைக் கடந்த நாயின் கண்மணி நீலம் பாய்ந்து வெளுத்தாற்போல் தெரியும். "புரை விழுந்துவிட்டது, இனி என்ன செய்வது?" என்று வீட்டார் கைவிட்டுவிடுவார்கள். பல நாய்களில் அது புரையே அன்று! விழி லென்சில் வாழ்நாள் முழுவதும் புதிய இழைகள் வெளிப்புறத்தில் சேர்கின்றன; பழையவை நடுவில் நெருக்குண்டு இறுகுகின்றன. இறுகிய பகுதி ஒளியைச் சற்றே சிதறடிப்பதால் நீலச் சாயல் உண்டாகிறது. ஆனால் ஒளி உள்ளே செல்லும்.

இருட்டறையில் சிறிய டார்ச் விளக்கை உங்கள் கண்ணருகே பிடித்து, ஒரு கை நீளத் தொலைவிலிருந்து நாயின் கண்ணைப் பாருங்கள். விளக்கு ஏன் கண்ணருகே இருக்கவேண்டும்? வந்த வழியே ஒளி திரும்புவதால்தான். கண்மணி முழுதும் மின்னினால் லென்சு ஒளியை விடுகிறது என்று பொருள். கரு நிழல் குறுக்கிட்டாலோ, மின்னலே இல்லாவிட்டாலோ புரையாக இருக்கலாம். உறுதி செய்யவேண்டியவர் மருத்துவரே.

நீரிழிவு கண்ட நாய்க்குப் புரை மிக விரைவில் வரும். லென்சுக்குள் சர்க்கரை சார்பிட்டாலாக மாறி வெளியேற முடியாமல் தங்குகிறது. சவ்வூடு பரவலால் நீர் உள்ளே புகுந்து இழைகள் வீங்குகின்றன. சில வாரங்களில், ஏன், சில நாட்களிலேயே பார்வை போய்விடுவதும் உண்டு.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து கிடையாது. அறுவை மருத்துவமே வழி. வினாடிக்குச் சுமார் 40,000 முறை அதிரும் ஊசிமுனையால் லென்சைக் கூழாக்கி உறிஞ்சி எடுப்பார்கள். 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இம்முறை கையாளப்படுகிறது. லென்சை எடுத்தபின் வேறு வைக்காவிட்டால் நாய்க்குச் சுமார் 14 டயாப்டர் அளவுக்குத் தூரப்பார்வைக் குறை ஏற்படும். மனிதருக்கு வைக்கும் செயற்கை லென்சின் திறன் ஏறத்தாழ 20 டயாப்டர், நாய்க்கோ 41! குவியத்தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: முன்னதற்கு 5 செ.மீ., பின்னதற்கு 2.4 செ.மீ. நாயின் லென்சு விழித்திரைக்கு அருகில், ஆழத்தில் அமைந்திருக்கிறது. எஞ்சிய குறுகிய தூரத்திற்குள் ஒளியைக் குவிக்க வலிய லென்சு தேவை.

கடற்கரை ஊர் நாய்களுக்கு இன்னொரு தொல்லை மணல். அது கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலமான கார்னியாவைக் கீறிவிடும். கண் சிவந்து, நீர் வடிந்து, இமை மூடியே இருக்கும். மருத்துவர் புளோரசீன் சாயத்தை இட்டு நீல ஒளியில் நோக்குவார். சாயம் நீலத்தை உறிஞ்சிப் பச்சையாக ஒளிர்வதால் கீறல் பளிச்செனத் தெரியும். இந்நிலையில் வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்தை இடவே கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆழமாகிக் கண்ணே துளைபடலாம். தூய நீரால் கழுவி அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டிலும் 2012 முதல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது.