மசக்கையும் வகுப்பறையும்

மசக்கை காலையில்தான் வரும் என்பார்கள். எனக்கோ சத்துணவுக் கூடத்தில் தாளிக்கும் நேரத்தில்தான் கடுமையாக இருந்தது. பெரும்பாலோருக்கு இது 6ஆம் வாரத்தையொட்டித் தொடங்கி 14ஆம் வாரவாக்கில் தணிந்துவிடும். வெறும் வயிற்றில் குமட்டல் கூடும். ஆகவே படுக்கையை விட்டு எழுமுன் இரண்டு ரஸ்க், பள்ளியில் ஒவ்வொரு இடைவேளையிலும் ஒரு பிடி பொரி. தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தேன்.

மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆனாலும் தலைமையாசிரியரிடம் 7ஆம் வாரத்திலேயே சொல்லிவிட்டேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்பதிலிருந்து விலக்கு கிடைத்தது. மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையில் பக்கத்து வகுப்பு ஆசிரியை என் வகுப்பையும் பார்த்துக்கொண்டார். என் மூன்றாம் வகுப்பில் உரக்க வாசிப்பதைக் குழந்தைகளே ஏற்றுக்கொண்டார்கள். எண்ணும் எழுத்தும் குழுச் செயல்பாடுகளை நாற்காலியில் அமர்ந்தபடியே நடத்தினேன். மேசையை வாசலருகே நகர்த்தியதும் பெரிய உதவி. (தண்ணீர் வராத கழிப்பறை உள்ள பள்ளியில் இவை எதுவும் போதாது.)

குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தியானாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ, எடை குறைந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பகாலக் குமட்டலுக்குத் தரக்கூடிய மாத்திரைகள் உண்டு. மருத்துவர் எழுதித் தந்தால் தயங்காமல் சாப்பிடலாம். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம்.