ரோம் ஒலிம்பிக்கில் விழுந்த கோல்

கேள்வி: ஷிப்ட் முடிந்து கம்பெனி டீமில் ஃபுட்பால் ஆடுகிறோம். ஒலிம்பிக்கில் கோல் அடித்த தமிழர் உண்டா?
- ஒரு வாசகர், ஒரகடம்

பதில்: உண்டு, சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் நம் பிரிவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. மூச்சு முட்டுகிற பிரிவு! பிரான்சை 1-1 என்று மடக்கியதே பெரிய விஷயம். பெருவிடம் 3-1 என்று தோற்றோம். அந்த ஒற்றை கோல் சைமனுடையது. அதன்பின் இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. ஆக, நம் கடைசி ஒலிம்பிக் கோல் இன்றுவரை அவர் கணக்கில்தான் இருக்கிறது.

பிறகு பயிற்சியாளரானார். 1973-ல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் டிராபி வென்றது அவர் பயிற்சியில்தான். இறுதிப் போட்டியில் ரயில்வேயை 3-2 என வீழ்த்தினார்கள். மூன்றும் கேப்டன் மணி அடித்தவை. மலையாளிகள் சைமனைக் கொண்டாடுகிறார்கள். நாம்தான் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.