தொழில் பதிவுக்கு எதுக்குப் பணம் கட்டணும்?



மசாலாப் பொடி அரைத்து விற்கும் நம்ம உறுப்பினர் ஒருவர் கூட்டத்துக்கு ஒரு சான்றிதழைக் கொண்டு வந்தார். "உத்யம் பதிவு எடுத்துட்டேன் அக்கா, ரெண்டாயிரம் ஆச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார். எங்களுக்குச் சங்கடமாகப் போச்சு. அந்தப் பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. வாங்கிப் பார்த்தால், செல்போன் நம்பர் என்ற இடத்தில் எழுதிக் கொடுத்த தரகரின் நம்பர் இருக்கு! இனி அதில் எதைத் திருத்தணும் என்றாலும் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும்.

அரசு ஏன் இதை எளிதாக்கியது? முன்பு சிறுதொழில் பதிவு என்றால் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மாவட்டத் தொழில் மையத்துக்கு அலையணும். கூலியை விட்டுவிட்டு யார் அலைவது? பலரும் பதியாமலே இருந்துவிட்டோம். 2015-ல் கணினி வழியாக ஒரே பக்கப் படிவம் வந்தது. 2020 ஜூலை 1 முதல் அதுவும் மாறி உத்யம் பதிவு வந்தது. நம்ம ஊரில் 'உதயம்' என்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான். பழைய பதிவுகள் 2022 ஜூன் 30-க்கு மேல் செல்லாது.

இப்போது ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும். எந்தக் காகிதமும் இணைக்க வேண்டாம். என்ன தொழில், எவ்வளவு முதலீடு, எத்தனை பேர் வேலை செய்றாங்க என்று நாமே சொல்றதை அரசு ஏற்றுக்கொள்கிறது. அதற்காக வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது. தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் சட்டப்படி அபராதம் உண்டு. ஊறுகாயும் போட்டு, தையலும் தைத்தால் ரெண்டு பதிவு வேண்டாம், ஒரே பதிவில் இரண்டையும் சேர்க்கலாம். இதைப் புதுப்பிக்கணும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க.

பான் கார்டு இல்லையா? 2023 ஜனவரியில் தொடங்கிய உத்யம் உதவித் தளம் அவர்களுக்கானது. உங்க வங்கியில் கேளுங்க.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தின்பண்டம், பொடி, ஊறுகாய் விற்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு தனி. உத்யம் இருக்கு என்று அதை விட்டுவிட முடியாது.

சரி, பதிவால் என்ன லாபம்? கடன் தவிர இன்னொன்றும் இருக்கு. நாம் செய்த சரக்கை வாங்கிய கடைக்காரர் 45 நாளைக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. தாமதத்துக்கு வட்டியோடு கேட்கலாம். வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது, நாமே உற்பத்தி செய்திருக்கணும்.

அடுத்த கூட்டத்துக்கு ஆதார், பான், ஆதாரில் சேர்த்த செல்போன் மூன்றையும் எடுத்து வாங்க. முகவரி 'கவ்.இன்' என்று முடிகிறதா என்று பார்த்து, அந்த அரசுத் தளத்தில் சேர்ந்து உட்கார்ந்தே பதிந்துவிடலாம். அந்த மசாலாப் பொடி உறுப்பினரின் நம்பரையும் அன்றைக்கே மாற்றணும், தரகரிடம் ஓ.டி.பி. கேட்க நாங்களும் கூடப் போகிறோம்.