தாத்தா கேமரா லென்ஸ் ரெண்டு லட்சம் போகுமா? டார்ச் அடிச்சுப் பார்த்த கதை

போன மாசம் திருக்கோகர்ணத்துல இருக்கிற மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மியூசியத்துக்குப் பக்கத்துத் தெரு. பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட இன்னும் பதினஞ்சு நாள்தான் இருந்துச்சு. மாமாவோ சீட்டை எடுக்காம நிம்மதியா உட்கார்ந்திருந்தார். ஏன்னு கேட்டா, பீரோவைத் திறந்து தோல் உறையோட ஒரு கேமராவை எடுத்து வச்சார். "மாப்ளே, இது லைக்கா. ரெண்டு லட்சத்துக்குக் குறையாது."

வாட்ஸ்அப்ல வந்த செய்திதான் காரணம். 2022-ல வெட்ஸ்லர் ஏலத்துல ஒரு பழைய லைக்கா 1.44 கோடி யூரோவுக்குப் போனது உண்மை. நம்ம காசுல நூறு கோடிக்கு மேல! ஆனா அது லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக் தானே பயன்படுத்திய, விற்பனைக்கு வர்றதுக்கு முந்தைய சோதனை மாடல். நம்ம வீட்டு பீரோவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

சரி, எப்படி அடையாளம் பார்க்கிறது? முதல்ல லென்ஸோட முன் வளையத்தைப் படிங்க. மாமாவோட லென்ஸ்ல ரஷ்ய எழுத்துல பேர், பக்கத்துல 2/50, கதவு நிலை மாதிரி சிவப்பா ஒரு எழுத்து. அந்தச் சிவப்பு எழுத்துக்கு, கண்ணாடிக்குப் பூச்சு இருக்குன்னு அர்த்தம். இது ஜூபிடர்-8. ஜெர்மனியோட ஜைஸ் சோனார் லென்ஸைப் பார்த்து சோவியத்காரங்க செஞ்சது. சீரியல் நம்பர் 58-ல ஆரம்பிச்சது. சோவியத் லென்ஸ்கள்ல பெரும்பாலும் முதல் ரெண்டு இலக்கம் தயாரிச்ச வருஷம், அதாவது 1958. பாடி ஜோர்கி-4. பழைய லைக்காவுக்கும் இதுக்கும் ஒரே 39 மில்லிமீட்டர் திருகு மரை. அதனாலதான் யாரோ "லைக்கா டைப்"னு சொன்னது மாமா காதுல "லைக்கா"ன்னு விழுந்திருக்கு.

இதைவிட ஆபத்து வேற ஒண்ணு இருக்கு. ஜோர்கி, ஃபெட் கேமராக்கள்லயே "லைக்கா", "எல்மார்"னு புதுசா பொறிச்சு, தங்க முலாம் பூசி ஆன்லைன்ல விக்கிறாங்க. லென்ஸைக் கழட்டி உள்ளே பாருங்க. ஃபோகஸைத் தொடுற கையோட நுனியில உருண்டையான சின்னச் சக்கரம் இருந்தா லைக்கா. பட்டையா, முக்கோணமா ஒரு துண்டு இருந்தா சோவியத். இதைப் பார்க்காம கிரெடிட் கார்டு ஈஎம்ஐ போட்டுடாதீங்க.

அடுத்து டார்ச். அப்பர்ச்சரை 2-க்கு முழுசா திறந்து, பின்னாடி இருந்து போன் டார்ச் அடிங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை. பால் ஊத்தின மாதிரி மங்கலா இருந்தா புகைச்சல். ஓரத்துல வானவில் தெரிஞ்சா கண்ணாடிகளை ஒட்டின பசை விட்டுப்போச்சு. மாமா லென்ஸ்ல பூஞ்சை. நம்ம ஊர் ஈரத்துல, மூடின பீரோவுக்குள்ள, தோல் உறையில வருஷக்கணக்கா வச்சா வேற என்ன வரும்? (உறையை வெளியே எடுத்துட்டு, இறுக்கமா மூடுற டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.)

விலைக்கு வருவோம். ஈபேல ஒருத்தர் கேட்கிற விலை வேற, வித்துப்போன விலை வேற. "விற்றவை"ன்னு இருக்கிற ஃபில்டரைப் போட்டு, அதே லென்ஸ், அதே நிலைமையில என்ன விலைக்குப் போயிருக்குன்னு மட்டும் பாருங்க. ஜூபிடர்-8 ஏராளமா தயாரிக்கப்பட்ட லென்ஸ். சுத்தமா இருந்தாலே சில ஆயிரம்தான். பூஞ்சை இருந்தா சுத்தம் பண்ற கூலியைக் கழிச்சுக்கணும்.

மாமா முகம் வாடிப்போச்சு. "அம்பது, அறுபது வருஷப் பொருள்டா"ன்னார். அம்மன் காசைத்தான் உதாரணம் சொன்னேன். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்குல "விஜய". நம்ம ஊர்ல பல வீட்டுல கிடக்கு. பழசுங்கிறதுக்காக யாராவது லட்சம் குடுத்தாங்களா? அவரே சிரிச்சுட்டார்.

வரியும் கேட்பீங்க. சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த கேமராவை வித்தா, பொதுவா மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம், சிற்பம், தொல்பொருள் சேகரிப்புக்கு இந்தச் சலுகை இல்லை. வாங்கி விக்கிறதையே தொழிலா செஞ்சா அது வியாபார வருமானம்.

அந்த வாரமே மாமா சீட்டை ஏலத்துல எடுத்தார். கழிவு கொஞ்சம் கூடத்தான் போச்சு, ஆனா ஃபீஸ் கெடுவுக்குள்ள கட்டியாச்சு. லென்ஸை திருச்சியில சுத்தம் பண்ணக் குடுத்திருக்கோம். வந்ததும் ஒரு ரோல் பிலிம் போட்டுப் பார்க்கிறதா மாமா பொண்ணு சொல்லியிருக்கா. படம் எப்படி வந்துச்சுன்னு வீடியோல காட்டுறேன்.