ஒப்பந்தப்புள்ளியும் ஓர் ஓடைப் பாலமும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

நாளிதழ்களின் உள்பக்கங்களில் பொடி எழுத்தில் கட்டம் கட்டி வெளிவரும் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளை நம்மில் எத்தனை பேர் படித்திருப்போம்? நான் படித்ததில்லை. விளையாட்டுச் செய்தியைத் தேடும் கண் அதனைத் தாண்டியே சென்றுவிடும். "இன்ன ஊராட்சி ஒன்றியம், இன்ன ஓடையின் குறுக்கே பாலம் கட்டும் பணி" என்று தொடங்கும் அந்த வரிகளுக்குள் ஒரு குடும்பத்தின் நஞ்சை நிலம் அடங்கியிருக்கக்கூடும் என்பதை என் தாய்மாமன் வாயிலாகவே நான் அறிந்தேன். அவர் கொத்தனாராக இருந்து மேஸ்திரியாகி, பின்னர்ப் பதிவு பெற்ற சிறு ஒப்பந்தக்காரர் ஆனவர். கல்வெர்ட்டு, கப்பிச் சாலை, பள்ளிச் சுற்றுச்சுவர் என எடுத்துச் செய்தவர். சென்ற ஆண்டு எங்கள் பேராசிரியர் ஏலக் கோட்பாட்டைப் பற்றி வகுப்பெடுத்தபோது எனக்குப் பாடம் புரிந்தது என்பதைவிட, மாமாவுக்கு நேர்ந்தது என்ன என்பது புரிந்தது என்றே சொல்ல வேண்டும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏலமும் புள்ளியும்

நம் ஊர்ச் சாலையோரப் புளியமரங்களின் பலனை ஆண்டுதோறும் ஏலம் விடுவதை யாவரும் பார்த்திருப்போம். அங்கே ஒருவர் கேட்கும் தொகை மற்றவர் காதில் விழுகிறது. "இவன் இவ்வளவு கேட்கிறான் என்றால் காய்ப்பு நன்றாகத்தான் இருக்க வேண்டும்" என்று அடுத்தவர் எண்ணித் தம் கணக்கைத் திருத்திக்கொள்ள முடிகிறது. ஒப்பந்தப்புள்ளியில் இதற்கு இடமில்லை. ஒவ்வொருவரும் தனியே கணக்கிட்டு, மூடிய உறையில், இன்று பெரும்பாலும் கணினி வழியே, தம் விலையைத் தருகின்றனர். திறக்கும் நாள் வரை பிறர் விலை தெரியாது. தெரியும்போது திருத்த முடியாது. ஏலத்தில் கூடுதல் கேட்டவர் வெல்கிறார், புள்ளியில் குறைத்துக் கேட்டவர் வெல்கிறார் என்பது மேலோட்டமான வேறுபாடு. அடுத்தவரிடமிருந்து கற்றுக்கொள்ள வழியில்லை என்பதே உண்மையான வேறுபாடு.

அறிவிப்புக்கு முன்னும் பின்னும்

ஒரு கிராமச் சாலையோ பாலமோ அறிவிப்பாக வெளிவருமுன் நீண்ட தூரம் நடந்து வருகிறது. உதவிப் பொறியாளர் இடத்தை அளக்கிறார். விலைவிகித அட்டவணையைக் கொண்டு மண்வேலைக்கு இவ்வளவு, ஜல்லிக்கு இவ்வளவு, கான்கிரீட்டுக்கு இவ்வளவு என மதிப்பீடு தயாராகிறது. இதில் ஒப்பந்தக்காரரின் மேற்செலவும் இலாபமும் ஒரு பங்காகச் சேர்க்கப்பட்டிருக்கும். பின்னர் நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல். அதற்குப் பிறகே புள்ளி கோருதல்.

இந்தக் கோருதல் முறையைத் தமிழகத்தில் ஒழுங்குபடுத்துவது 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும், 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அதன் விதிகளும் ஆகும். அடுத்த ஆண்டே, அதாவது 1999இல், கர்நாடகமும் இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியது. ரூ.2 கோடி வரையிலான பணிகளுக்குக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாட்களும் அவகாசம் தரப்பட வேண்டும் என்பது விதி. அதனைக் குறைக்க வேண்டுமாயின் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். விலை பேசுவதாயினும் குறைந்த புள்ளி தந்தவரோடு மட்டுமே பேசலாம்.

அறிவிப்பில் ஒன்று சொல்லிவிட்டு நடைமுறையில் வேறொன்று செய்யலாமா? கூடாது என்று உச்சநீதிமன்றம் 1979இல் இரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் தீர்ப்பளித்தது. அது சாலை வழக்கன்று. பம்பாய் விமான நிலையச் சிற்றுண்டிச்சாலை பற்றியது. ஐந்தாண்டு அனுபவம் உள்ள, குறிப்பிட்ட தகுதி பெற்ற உணவு விடுதியாளர் வேண்டும் என்று அறிவித்துவிட்டு, அத்தகுதி இல்லாதவருக்கு ஒப்பந்தம் தரப்பட்டது. தான் விதித்த தகுதிக்கு அரசமைப்பு தானே கட்டுப்பட்டது என்றது நீதிமன்றம். ஆயினும் வழக்குத் தொடர்ந்தவர் காலம் தாழ்த்தி வந்ததால், அந்த ஒப்பந்தத்தை அது கலைக்கவில்லை. கொள்கை வென்றது, வாதி தோற்றார்! சட்டத்தில் இப்படியும் நடக்கும் போலும்.

கிராமச் சாலைகளைப் பொறுத்தவரை 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் ஒரு திருப்பம் எனலாம். சமவெளியில் 500 பேருக்கு மேலும், மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளில் 250 பேருக்கு மேலும் வாழும், சாலையில்லாக் குடியிருப்புகளை இணைப்பது அதன் முதல் இலக்கு. என்னைக் கவர்ந்தது அதன் ஒப்பந்த முறை. சாலை போட்டவரே ஐந்தாண்டுகள் அதனைப் பராமரிக்க வேண்டும். அதற்கான விலையையும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். தார் ஊற்றிய மறுமாதமே கைகழுவிச் செல்ல வழியில்லை. விலை எழுதுபவர் ஐந்து மழைக்காலங்களையும் மனத்தில் வைத்து எழுத வேண்டியவராகிறார்.

யார் தரலாம்?

பல ஆவணங்களில் 'புள்ளி தரும் திறன்' என்றொரு கணக்கு உண்டு. சென்ற ஐந்தாண்டுகளில் ஒருவர் ஓராண்டில் செய்த அதிகபட்ச வேலையின் மதிப்பை, புதிய பணியின் கால அளவாலும் (ஆண்டுகளில்) குறிப்பிட்ட ஓர் எண்ணாலும் பெருக்கி, கையில் முடியாமல் இருக்கும் வேலைகளின் மதிப்பைக் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அதிகபட்சம் ரூ.40 இலட்சம், காலம் ஓராண்டு, பெருக்கும் எண் 2 என்று கொள்வோம். 80 இலட்சம் வருகிறது. கையில் 50 இலட்ச வேலை இருந்தால் எஞ்சுவது 30 இலட்சம். அவர் 38 இலட்ச ரூபாய்ப் பாலத்துக்குப் புள்ளி தர இயலாது. அளவுக்கு மீறித் தலையில் ஏற்றிக்கொண்டு எதையும் முடிக்காமல் விடுபவர்களைத் தடுக்கவே இது. ஆனால் இக்கணக்கு ஒருவர் செய்த வேலையை அளக்கிறதேயன்றி, அவர் தாங்கக்கூடிய நட்டத்தை அளப்பதில்லை.

விலை தரும் முறையிலும் வகைகள் உண்டு. ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனி விலை தருவது ஒன்று. மதிப்பீட்டுக்கு இத்தனை சதவீதம் குறைவு அல்லது கூடுதல் என ஒரே எண்ணைத் தருவது மற்றொன்று. முதல் வகையில் ஒரு சூழ்ச்சிக்கு இடமுண்டு. முதலில் முடியும் மண்வேலைக்கும் அடித்தளத்துக்கும் விலையை ஏற்றி, கடைசியில் வரும் கைப்பிடிச் சுவருக்கும் அணுகுசாலைக்கும் இறக்கி எழுதினால் மொத்தம் மாறாது. ஆனால் பணம் முன்னதாகவே கைக்கு வந்துவிடும். மிச்சத்தை முடிக்க அவருக்கு ஆர்வம் இராது. இருபுறமும் அணுகுசாலையின்றி அந்தரத்தில் நிற்கும் பாலங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று நான் கூறவில்லை. நிலம் கிடைக்காமையும் ஒரு பெருங்காரணம். சதவீத முறையில் எல்லா இனங்களும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் இச்சூழ்ச்சி செல்லாது.

வென்றவரின் சாபம்

இனிப் பாடத்துக்கு வருவோம். ஏலங்களைப் பொருளியல் நோக்கில் 1961இல் ஆராய்ந்து வழிகாட்டியவர் வில்லியம் விக்ரி. அவருக்கு 1996இல் நோபெல் பரிசு கிடைத்தது. 2020இல் மில்க்ரோம், வில்சன் ஆகிய இருவரும் ஏலக் கோட்பாட்டுக்காகவே அப்பரிசைப் பெற்றனர். ஆனால் நான் சொல்லப்போகும் கருத்தை முதலில் எழுதியவர்கள் பேராசிரியர்கள் அல்லர். கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்னும் மூன்று எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள். மெக்சிகோ வளைகுடாவில் கடலடி எண்ணெய் நிலங்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த ஆதாயம் பெறவில்லையே, ஏன் என்று 1971இல் அவர்கள் ஆராய்ந்தனர்.

அவர்கள் விடையை நம் பாலத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு பாலத்தைக் கட்ட உண்மையில் 34 இலட்சம் ஆகும். அது யாருக்கும் தெரியாது. ஐவர் கணக்கிடுகின்றனர். 31, 33, 34, 35, 37 என்று வருகிறது. ஐவரின் சராசரி சரியாக 34. ஒருவரும் முட்டாள் அல்லர். ஆயினும் வேலை கிடைப்பது யாருக்கு? சராசரிக்கு அல்ல, 31 என்று எண்ணியவருக்கே. அஃதாவது, மிகக் குறைவாகத் தவறியவரைத் தேடிப் பிடித்து, அவர் கழுத்தில் மாலையிடுகிறது இம்முறை. புள்ளி தருவோர் கூடக் கூட இந்த அபாயமும் கூடுகிறது. இதற்கே 'வென்றவரின் சாபம்' என்று பெயர்.

பாலத்தில் இது சாலையைவிடக் கடுமையாகும். சாலை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வேலை. பாலமோ பாதி மண்ணுக்குள் இருக்கிறது. வெள்ளம் தூண்களைச் சுற்றி மண்ணை அரிக்கும் ஆழத்தைக் கணக்கிட்டு, அதற்கும் கீழே அடித்தளம் போக வேண்டும். தோண்டும்போது என்ன வரும் என்பதைத் தோண்டினால்தான் அறிய முடியும்.

மாமாவின் பாலம்

எங்கள் ஊருக்கும் தார்ச்சாலைக்கும் இடையே ஓர் ஓடை. முன்பு தரைப்பாலம்தான். மழைக்காலத்தில் பேருந்து வராது. பிரசவத்துக்குப் போன பெண்ணைக் கட்டிலில் தூக்கிக் கடந்த கதைகள் எங்கள் ஊரிலும் உண்டு. அதற்கு மேம்பட்ட பாலம் கட்ட அறிவிப்பு வந்தபோது மதிப்பீடு 38 இலட்சம். சதவீத முறைப் புள்ளி. சொந்த ஊர்ப் பாலத்தை விட்டுவிட மாமாவுக்கு மனமில்லை.

அப்போது சித்திரை மாதம். ஓடை காய்ந்து கிடந்தது. மாமா கடப்பாறையால் நாலடி தோண்டிப் பார்த்தார். கெட்டிச் சரளை தட்டுப்பட்டது. மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டு, 14 சதவீதம் குறைத்து எழுதினார். திறந்த அன்று பார்த்தால் அடுத்தவர் குறைத்திருந்தது 3 சதவீதம்தான். இருவருக்கும் இடையே 4 இலட்சத்து 18 ஆயிரம் ரூபாய். மற்ற ஒப்பந்தக்காரர்கள் தம் முகத்தைப் பார்த்த பார்வையிலேயே ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டதாக மாமா சொல்வார். "எழுத்துப்பிழை என்று மனு கொடுத்துப் பார் தம்பி" என்றார் ஒரு மூத்தவர். அது நடந்திருக்காது. கணினியில் நேர்ந்த பிழை என்று சொல்லிப் புள்ளியைத் திருத்தக் கேட்ட ஒரு பெரிய நிறுவனத்துக்கே, மேற்கு வங்க மின்வாரிய வழக்கில் 2001ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. முன்வைப்புத் தொகையை இழந்து விலகியிருக்கலாம். அது மதிப்பீட்டில் ஒரு சதவீதம், 38 ஆயிரம் ரூபாய். ஆனால் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறிவிடுமோ என்ற அச்சம். ஊருக்கு என்ன பதில் சொல்வது என்ற மானம் வேறு. விலகவில்லை.

வேலை உத்தரவு வர ஆவணி ஆயிற்று. தோண்டத் தொடங்கியபோது புரட்டாசி. ஐப்பசியில் ஓடையில் தண்ணீர் வந்தது. மண்மூட்டை அடுக்கி ஓடையைத் திருப்பினார்கள். இரண்டு டீசல் எஞ்சின்கள் இரவும் பகலும் இறைத்தன. குழியின் பக்கம் இருமுறை சரிந்தது. மாமா கண்ட சரளை ஒரு மேலடுக்கு மட்டுமே. அதன் கீழ் மீண்டும் மணல். வரைபடத்தில் கண்டதைவிட ஆழம் போக வேண்டியிருந்தது. கூடுதல் ஆழத்துக்கு அளவுப் புத்தகத்தில் பதிந்து பணம் தருவார்கள், ஆனால் திருத்திய மதிப்பீட்டுக்கு ஒப்புதல் வந்த பிறகு. அதுவும் 14 சதவீதம் குறைந்த விலையில். நீர் இறைத்ததற்கு ஒரு காசும் இல்லை. "நீர் இறைப்பு உட்பட" என்று இனத்தின் வருணனையிலேயே இருந்தது. "புள்ளி தருபவர் பணியிடத்தை நேரில் பார்த்து அறிந்தவராகவே கருதப்படுவார்" என்ற நிபந்தனையும் இருந்தது. பார்த்தது உண்மைதான். சித்திரையில் பார்த்தார்.

அந்நாட்களில் ஒரு மாலை நான் குழியருகில் நின்றிருந்தேன். இன்னும் ஓரடி பாக்கி. "இத்தோட கான்கிரீட் போட்டுடலாம் மேஸ்திரி, தண்ணிக்குள்ள யாரு பாக்கப் போறா?" என்றார் வேலையாள் ஒருவர். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ளே, எஞ்சினுக்கு டீசல் வாங்கிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

அத்தையின் சங்கிலி முதலில் அடகுக்குப் போயிற்று. பிறகு ஓர் ஏக்கர் நஞ்சை விலைக்குப் போயிற்று. பாலம் நிற்கிறது. நான் கல்லூரிக்கு வரும் பேருந்து நாள்தோறும் அதன்மேல்தான் வருகிறது.

குறைந்த விலைக்கே வேலை என்னும் முறை தவறா என்று எங்கள் வகுப்பில் விவாதித்தோம். வேறு எந்த அளவுகோலை வைத்தாலும் அதிகாரியின் விருப்பு வெறுப்பு உள்ளே நுழையும் என்றனர் சிலர். அதில் நியாயம் உண்டு. முன்பெல்லாம் புள்ளிப் பெட்டி அருகே ஆட்களை நிறுத்தி வெளியாரை உள்ளே விடாத வழக்கமும், ஒப்பந்தக்காரர்கள் கூடிப் பேசி முறை வைத்துக்கொள்ளும் 'சிண்டிகேட்'டும் உண்டென்பது ஊரறிந்தது. கணினி முறை பெட்டியைக் காவல் காப்பவரை ஒழித்தது; கூடிப் பேசுவதை முற்றிலும் ஒழித்ததாகத் தெரியவில்லை. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அதனைத் தடை செய்துள்ளது. என் கருத்து வேறு. முறையை மாற்றுமுன், மண் பரிசோதனையை அரசே ஆழமாகச் செய்து, முடிவுகளைப் புள்ளி ஆவணத்தோடு தரட்டும். ஐவரின் கணக்கும் அப்போது நெருங்கி வரும். சாபத்தின் வீச்சும் குறையும். சில இடங்களில் அப்படித் தருகிறார்கள். ஓடைப் பாலம் போன்ற சிறு பணிகளில்தான் அது விடுபட்டுப் போகிறது. அவற்றுக்குப் புள்ளி தருபவர்களோ, நட்டம் தாங்க முடியாத சிறியவர்கள்.

சென்ற ஐப்பசியில் பக்கத்து ஒன்றியத்தில் ஒரு சிறுபாலத்துக்கு அறிவிப்பு வந்தது. கல்லூரிக்கு எதிரேயுள்ள கணினி மையத்தில் ஆவணத்தை அச்செடுத்து மாமாவுக்கு நான் படித்துக் காட்டினேன். "மொதல்ல தொகையப் படிக்காத மாப்ளே. தண்ணி யார் தலையிலன்னு பாரு" என்றார். பார்த்தேன். ஒப்பந்தக்காரர் தலையில்தான். மறுநாள் இருவரும் இடத்துக்குப் போனோம். முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, ஒரு கம்பியை ஊன்றி ஊன்றிப் பார்த்துக்கொண்டே அக்கரை வரை போய்த் திரும்பினார். மதிப்பீட்டுக்கு மேல் 4 சதவீதம் எழுதச் சொன்னார்.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. அவர் 12 சதவீதம் குறைத்திருந்தார்.