சுடர் முன் உட்காருமுன்

நம் கரையில் கண்ணாடி மணிக்குப் பழைய பேர் அரிக்கமேட்டுக்கு உண்டு. அங்கே குழாயாக இழுத்து நறுக்கினார்கள். ஆனால் சுடரில் கண்ணாடிக் குச்சியை உருக்கி இரும்புக் கம்பியில் சுற்றும் வேலைக்கு வாரணாசி பேர்பெற்றது. திருமுக்கூடல் பக்கத்திலிருந்து அதைக் கற்க நினைப்பவர்களுக்கு:

செய்ய வேண்டியவை

• முதலில் ஆறவைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தீயில் தப்பிய கண்ணாடிகூட ஆறும்போது உடையும். மேற்பரப்பு ஆறிச் சுருங்கிவிடும். உள்ளே சூடு நிற்கும். இந்த வேறுபாட்டால் எழும் இழுவிசை உள்ளேயே தங்கி, அடுத்த மாதம் அலமாரியில் இருக்கும்போதுகூடப் பொருளைப் பிளக்கும். சோடா சுண்ணாம்புக் கண்ணாடியை மின்சூளையில் சுமார் 500 டிகிரி செல்சியஸில் நிறுத்தி, மெல்ல மெல்லச் சூட்டை இறக்குங்கள். வேலையில் பாதி இதுதான் என்பேன்.

• டிடிமியம் கண்ணாடி அணியுங்கள். உருகும் கண்ணாடியிலிருந்து எழும் சோடியத்தின் மஞ்சள் ஒளியை அது வடிகட்டும். கை செய்வது கண்ணுக்குத் தெரியும்.

• கம்பியில் பூசிய களிப்பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே சுற்றத் தொடங்குங்கள்.

• சிலிண்டர் எரிவாயு (எல்பிஜி) காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். மேலே ஜன்னல் மட்டும் போதாது, தரைமட்டத்திலும் காற்று போக வழி விடுங்கள்.

செய்யக்கூடாதவை

• உடைந்த வளையலையும் போரோசிலிகேட் குச்சியையும் ஒன்றாக உருக்காதீர்கள். வளையல் கண்ணாடி சூட்டில் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் விரியும். ஒட்டியது போலிருக்கும், ஆறும்போது விட்டுப்போகும்.

• பாலியஸ்டர் துணி வேண்டாம். உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே உடம்பை ஒட்டிய பருத்திதான்.

• ஆக்சிஜன் ரெகுலேட்டரில் ஒரு சொட்டு எண்ணெயும் படக்கூடாது. தானாகவே தீப்பற்றும்.

• நிறத்தைப் பார்த்து ஆறிவிட்டது என்று தொடாதீர்கள். தோலைச் சுடும் கண்ணாடியும் பார்வைக்குக் குளிர்ந்தது போலவே இருக்கும்.

• சுட்ட இடத்தில் பற்பசை, மை, மாவு எதையும் தடவாதீர்கள். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வீரராசேந்திர சோழன் காலத்திலேயே 15 படுக்கைகளோடு ஆதுலசாலை (மருத்துவமனை) நடந்த ஊர் திருமுக்கூடல். பெருமாள் கோயில் கல்வெட்டு அதைச் சொல்கிறது. அப்படிப்பட்ட ஊரில் கைவைத்தியத்தை நம்பிப் புண்ணை முற்றவிடலாமா?

சூளையும் காற்றோட்டமும் அமையும்வரை வீட்டில் டார்ச்சைப் பற்றவைக்காதீர்கள். அதுவரை, தொழில் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பாருங்கள்.