கொரங்காடும் நம் மந்தைவெளியும்

ஆரணியாற்றங்கரை மந்தைவெளிகளில் புல் தலைகாட்டு முன்பே மாடு கடித்துவிடுவதைக் காண்கிறேன். மழையின்மையைக் காரணம் கூறுவோர் காங்கேயம் வட்டாரத்தை நோக்குக. நமக்கு ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கே ஏறத்தாழ 600தான்.

ஆயினும் அங்குள்ள உழவர்கள் ‘கொரங்காடு’ எனும் சொந்த மேய்ச்சல் நிலத்தை முள்கிளுவை வேலியால் பகுத்து, ஒன்றில் மேயவிட்டு மற்றொன்றை ஆறப்போடுகின்றனர். கடிபட்ட புல், தூரிலும் வேரிலும் சேமித்த உணவைக் கொண்டே துளிர்க்கிறது. ஓய்வின்றிக் கடிபட்டால் அச்சேமிப்புத் தீர்ந்து பட்டுப்போகும். கொழுக்கட்டைப் புல்லை விதை உதிரும்வரை விட்டால் அடுத்த மழைக்குத் தானே முளைக்கும். வெள்வேல மரமோ கோடையில் நிழலோடு நெற்றும் தரும். தீவனச் செலவு குறைவதே ஆதாயம்.

ஆனால் கொரங்காடு தனியுடைமை, மந்தைவெளி ஊர்ப்பொது. இங்கே ஒருவர் தம் மாட்டைத் தடுத்தால் அடுத்தவர் மாடு மேய்ந்துவிடும். ஐப்பசி மழை தொடங்கியதும் பாதி வெளியை மூட ஊர்க்கூட்டம் ஒப்பினாலன்றி இம்முறை நம்மிடம் நடவாது.